வெள்ளைக்கதிரைக் கண்ட பிறகு மருந்தடிக்கலாமா?

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியிலிருந்து ஒரு தங்கச்சி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் ஆசிரியை. கணவர் கட்டாரில். சொந்தக்காரர் ஒருவரின் 16 பரப்பு (ஒரு ஏக்கர் அளவு) வயலை வாய்ப்பேச்சிலேயே குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார், இது இரண்டாவது காலபோகம் (மாரிகால நெற்செய்கை). ஐப்பசி முதல் கிழமை மூன்றரை மாத நெல்லைப் புழுதியில் வீசி விதைத்தார். விதைநெல் தந்தது ஒன்றுவிட்ட அண்ணன். விதைத்து 20 நாளில் சில இலைகள் மடிந்திருந்ததைக் கண்டு ஒரு தரம் மருந்தடித்தார். கார்த்திகை பிறந்ததும் கடைக்காரர் “ஒரு பாதுகாப்புக்கு” என்று சொல்ல இரண்டாம் தரம். மார்கழி நடுவில் கதிர் தள்ளியபோது அங்கங்கே வெள்ளை வெளேரென்று கதிர்கள் நிமிர்ந்து நிற்க, பதறிப்போய் மூன்றாம் தரம். ஒன்றும் குறையவில்லை.

“பாதி வயல் போச்சுது ஐயா” என்று எழுதுகிறார். விதை பழுது என்று அண்ணனோடு சண்டை, இப்போது கதை பேச்சு இல்லை. மகன், சாதாரணதரம் படிக்கிற பிள்ளை, இது சோளத்துக்கு வந்த ‘சேனா’ படைப்புழு என்கிறான். பக்கத்து வயல்காரர் இந்தியாவிலிருந்து வந்த குறுணை மருந்து ஒரு பொட்டலம் தரலாம் என்கிறார். கடைக்காரரோ நாலாவதாக வேறொரு போத்தலை எடுத்து வைத்திருக்கிறார். அடிக்கவா, விடவா? அடுத்த முறை நெல்லை விட்டுக் குரக்கன் போடவா? இதைவிடக் கடைசியில் புதிர் (புது நெல் எடுத்துப் பொங்குவது) பற்றியும் ஒரு கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

தங்கச்சி, அவசரமான கேள்விக்கு முதலில் பதில்: நாலாவது மருந்து வேண்டாம். மூன்றாவதும் வீண்தான். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. 30 வருடத்துக்கு மேல் வயல் வரம்புகளில் நடந்தவன் நான். வெள்ளைக்கதிரைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடாத ஆட்களை விரல் விட்டு எண்ணலாம்.

ஒரு கதிரைப் பிடித்து இழுங்கள்

நீங்கள் எழுதியிருக்கிற அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது மஞ்சள் தண்டு துளைப்பான். ஆனால் கடிதத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட விருப்பமில்லை, நீங்களே பார்த்துவிடலாம். வெள்ளைக்கதிர் ஒன்றைப் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். வழுக்கிக்கொண்டு கையோடு வந்தால், உள்ளே புழு தண்டை அறுத்திருக்கிறது. அடி நுனியில் கடித்த தடம் தெரியும். அதே மட்டத்தை, அதாவது அந்தக் கதிர் நின்ற தண்டை, அடியில் வெட்டி நீளவாக்கில் பிளந்தால் தவிடு மாதிரி எச்சம் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் வெளிர் மஞ்சள் உடம்பும் கபிலத் தலையுமாகப் புழுவும் இருக்கும். ஒரு தண்டுக்கு அனேகமாக ஒன்றுதான்.

இழுத்தும் வரவில்லை, கதிரின் கழுத்துக் கணு மட்டும் கறுத்து அந்த இடத்தில் ஒடிகிறது என்றால் அது எரிபந்த நோய். புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்டு அடியில் சரிவாகக் கடித்துத் துண்டாகிக் கிடந்தால் எலி. கதிர் பச்சையாக இருந்து சில மணிகள் மட்டும் புள்ளி விழுந்து பதராகப் போனால் மூட்டுப்பூச்சி. கடல் பக்கத்து வயலில் வரம்போரம் திட்டுத் திட்டாக வெளுத்தால் உவரைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஐந்துக்கும் கடையில் ஒரே போத்தலை நீட்டுகிறார்கள் என்பது என் நெடுநாள் கோபம்.

மகனிடம் சொல்லுங்கள், சந்தேகப்பட்டது நல்லது, ஆனால் இது சேனா இல்லை. 2018 இல் இலங்கைக்குள் வந்த அந்தப் படைப்புழு பெரும்பாலும் சோளத்தின் குருத்திலை மடலுக்குள் இருந்து இலையைக் கிழித்துத் தின்னும். குருத்து முழுக்க ஈரமான மரத்தூள் போல எச்சம் கிடக்கும். தலையில் தலைகீழான ஆங்கில ‘Y’ எழுத்துப் போல ஒரு கோடும், வால் பக்கத்தில் சதுரமாக நாலு கரும்புள்ளியும் உண்டு. உங்கள் வயல் புழுவில் இவை எதுவும் இராது. ஒரு தண்டைப் பிளந்து அவனிடமே கொடுங்கள், விஞ்ஞானப் பாடத்துக்கும் உதவும்.

விதையில் குற்றமில்லை

தண்டு துளைப்பான் விதைநெல்லோடு வருவதில்லை. அது பறந்து வருகிற அந்துப்பூச்சி. பெண் அந்து வெளிர் மஞ்சள், முன் சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி. பகலில் பயிருக்குள் ஒளிந்திருந்து இரவில் பறக்கும், வெளிச்சத்தைத் தேடி வரும். இலை நுனிப் பக்கம் முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் வால் பக்கத்து மயிரை உதிர்த்து மூடிவிட்டுப் போகும். பார்த்தால் கபில நிறப் பஞ்சுத் துண்டு ஒட்டியிருப்பது போல இருக்கும். ஒரு கிழமை அளவில் முட்டை பொரிக்கும். குஞ்சுப் புழு நூல் விட்டுக் காற்றில் தொங்கிப் பக்கத்துப் பயிருக்குப் போகும், இலைத் துண்டில் ஏறித் தண்ணீரில் மிதந்தும் போகும். பிறகு தண்டுக்குள் நுழைந்துவிடும். நுழைந்தால் ஒரு மாத அளவு அதற்குள்ளேதான் சாப்பாடும் குடியிருப்பும்.

இப்போது உங்கள் நாட்களைப் பொருத்திப் பாருங்கள். மார்கழி நடுவில் வெள்ளைக்கதிர் தெரிந்தது என்றால், புழு தண்டுக்குள் போனது அதற்கு இரண்டு மூன்று கிழமை முன்பு, பயிர் குடலை கட்டத் தொடங்கிய (தண்டுக்குள் கதிர் உருவாகிப் பருக்கத் தொடங்கிய) நேரம். முட்டை விழுந்தது கார்த்திகை விளக்கீட்டை ஒட்டி. வாசலில் விளக்கு வைத்தபோது சுற்றிப் பறந்த பூச்சிகளில் இதுவும் இருந்திருக்கும். இரண்டாவது மருந்தை நீங்கள் அடித்தது கார்த்திகை பிறந்தவுடன், அதாவது முட்டை விழுவதற்கு முன்பே. அதுவும் எங்கள் ஊரில் மழை கொட்டுகிற மாதம். மூன்றாவதை அடித்தபோது புழு தன் வேலையை முடித்துவிட்டது. ஒரு மருந்து முந்திவிட்டது, மற்றது பிந்திவிட்டது.

சிலர் கோயில்களில் சொக்கப்பானை எரிப்பதே இந்த அந்தை ஒழிக்கத்தான் என்று கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு இரவு நெருப்பில் ஒழிகிற பூச்சி அல்ல இது.

ஆகவே அண்ணனிடம் பணம் திருப்பிக் கேட்க நியாயம் இல்லை. முளைக்கவில்லை, கலப்பு நெல் வந்தது என்றால் விதையைக் குற்றம் சொல்லலாம். இதற்கு முடியாது. பிளந்த தண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். வாய்விட்டு மன்னிப்புக் கேட்பதைவிட அதைக் காட்டுவது சுலபம்.

பாதி வயல் போகவில்லை

நல்ல கதிர் பால் பிடித்ததும் தலை சாய்ந்து இலைகளுக்குள் மறைந்துவிடும். வெள்ளைக்கதிர் பதர் என்பதால் நிமிர்ந்தே நிற்கும். வரம்பில் நின்று பார்க்கிற கண்ணுக்கு அதுதான் படும். பத்தில் ஒன்று பாதியாகத் தெரிவது இதனால்தான்.

எண்ணிப் பாருங்கள். நாலு தடியைக் கட்டி அரை மீற்றர் சதுரம் ஒன்று செய்து, வயலை மூலைக்கு மூலை நடந்து பத்து இடத்தில் போடுங்கள். விழுகிற இடத்தில் போடவேண்டும், வெள்ளையாகத் தெரிகிற இடமாகப் பார்த்து அல்ல. சதுரத்துக்குள் மொத்தக் கதிர் எத்தனை, வெள்ளை எத்தனை என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு, பத்து இடத்திலும் சேர்த்து 600 கதிரில் 36 வெள்ளை என்றால் 6 நூற்றுவீதம். விளைச்சலில் இழப்பும் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கும். போன முறை 14 மூடை எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் ஒரு மூடைக்கும் குறைவு. உங்கள் எண்ணிக்கை 20 நூற்றுவீதம் என்று வந்தால் அது பெரிய இழப்பு, மறுக்கமாட்டேன். அப்போதும் மருந்து அதைத் திருப்பித் தராது.

இளம் பயிரில் கணக்கு வேறு. அந்த வயதில் புழு போனால் நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்கும், இழுத்தால் வரும். பயிர் பக்கத்தில் புது மட்டம் வெடித்து அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். நூறு மட்டத்தில் பத்துக்கு மேல் குருத்துக் காய்ந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதுவரை பொறுப்பது கஷ்டம்தான், தெரியும். காலையும் மாலையும் வயலைப் பார்க்கிறவருக்குச் சும்மா இருப்பதுதான் பெரிய வேலை.

அப்புறம், 20 நாளில் அடித்த முதல் மருந்து. அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை. இலையை மடித்து உள்ளிருந்து தின்னும் மடிச்சுக்கட்டிப் புழு அந்த வயதில் தின்கிற நாலு இலையால் விளைச்சல் குறையாது. ஆனால் அந்த மருந்து சிலந்தியைக் கொல்லும், தட்டாரப்பூச்சியைக் கொல்லும், அந்தின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அழிக்கிற கடுகளவுக் குளவிகளையும் கொல்லும். ஆரம்பத்திலேயே காவல்காரரைக் கொன்றுவிட்டுக் கள்ளனைத் தேடுகிறோம். முதல் 40 நாளுக்குள் கண்டபடி மருந்தடித்த வயல்களில் பின்னால் அறக்கொட்டியான் (கபிலத் தத்தி என்ற பூச்சி) பெருகி, பயிர் வட்டம் வட்டமாக எரிந்துபோனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் வயலில் அது வராதது நல்ல காலம்.

அந்தக் குறுணைப் பொட்டலம்

இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், வாங்காதீர்கள். நீங்கள் எழுதிய விவரத்தைப் பார்த்தால் அது கார்போபியூரானாக இருக்கலாம். இலங்கையில் 2014 இல் தடைசெய்த மருந்து. வயலில் விழுந்த குறுணையைத் தானியம் என்று கொத்துகிற குருவிகள் அங்கேயே சாகும். வாத்தும் கோழியும் அப்படித்தான். கடல் வழியாகக் களவாக வருகிறவற்றில் 1995 இலேயே இங்கு தடைசெய்த மொனோகுரோட்டோபொஸ் போன்றவையும் இருக்கும். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவு செய்யாத மருந்தை விற்பது குற்றம். பதிவுள்ள போத்தலில் பதிவிலக்கமும், தமிழ் உட்பட மூன்று மொழியிலும் லேபலும் இருக்க வேண்டும். பொட்டலத்தில் ஒன்றும் இராது. யாருக்காவது வயிற்றால் வாந்தியால் போனால், என்ன மருந்து என்று வைத்தியருக்குச் சொல்லக்கூட உங்களிடம் ஒரு பெயர் இருக்காது.

இன்னொன்று. நாங்கள் இருப்பது சுண்ணக்கல்லின் மேல். மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்கு இறங்க அதிக நாள் எடுக்காது. மருந்து மெசினைக் கிணற்றுக் கட்டில் வைத்துக் கழுவியதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இனி அது வேண்டாம். கழுவிய தண்ணீரை வயலிலேயே விசிறிவிடுங்கள், வெற்றுப் போத்தலைத் துளைத்துவிடுங்கள், மிஞ்சிய மருந்தைக் குசினிக்குள் வைக்காமல் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். மூன்றாவது தரம் அடித்த கூலி ஆளுக்குத் தலைச்சுற்று வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரை ஒருமுறை வைத்தியசாலைக்கு அனுப்பி, எந்த மருந்து என்ற லேபலையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

அருவி வெட்டிய பிறகுதான் வேலை

தண்டு துளைப்பானை வெல்லுகிற மாதம் மாசி. இதைக் கேட்டால் பலருக்குச் சிரிப்பு வரும், வயலில் பயிரே இல்லையே என்பார்கள். புழு இருக்கிறது. அறுத்த பிறகு நிற்கிற அடிக்கட்டைக்குள், மண் மட்டத்தை ஒட்டி இறங்கி, கோடை முழுக்கத் தின்னாமல் உறங்கிக் கிடக்கும். ஐப்பசி மழைக்கு விழித்து, கூட்டுப்புழுவாகி, அந்தாகிப் பறந்து, உங்கள் இளம் பயிரில் முட்டை வைக்கும். மஞ்சள் தண்டு துளைப்பானுக்கு நெல்லைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. வருடத்தில் ஒரு போகம் மட்டும் நெல் செய்கிற எங்கள் மானாவாரி வயல்களில், போகத்துக்கும் போகத்துக்கும் இடையில் அதைக் காப்பாற்றி வைப்பதில் இந்த அடிக்கட்டைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

முன்பு அரிவாளால் தாழ அறுத்தபோது கணிசமான புழு வைக்கோலோடு சூட்டுக்கு (கதிர்க் குவியலுக்கு)ப் போய்விடும். இப்போது மெசின் முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டுப் போகிறது. மெசினை விடுங்கள் என்று சொல்லமாட்டேன், கூலிக்கு ஆள் இல்லாத காலத்தில் அது வெறும் பேச்சு. வெட்டி ஒன்றிரண்டு கிழமைக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே ரொட்டவேற்றரால் ஒரு உழவு அடியுங்கள். பங்குனிக்கு விட்டால் மண் இறுகிவிடும், உழவுக் காசும் கூடும். வைக்கோலைக் கொளுத்தச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நெருப்பு மேலால் ஓடிவிடும், புழு இருக்கிற அடிக்கு முழுதாகப் போகாது. மாட்டுத் தீனியும் மண்ணின் பசளையும்தான் போகும். பட்டி அடைத்து மாட்டை மேய விடுவது அதைவிட நல்லது, ஆனால் உழவுக்கு ஈடாகாது.

உங்கள் 16 பரப்பை மட்டும் உழுது பக்கத்து வயல்கள் அப்படியே கிடந்தால் அந்து அங்கிருந்து வரும். கமக்கார அமைப்புக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள்: வெளி முழுக்க மாசிக்குள் உழுவது, அடுத்த முறை எல்லோரும் இரண்டு கிழமை இடைவெளிக்குள் விதைப்பது. ஒருவர் புரட்டாசியில், மற்றவர் கார்த்திகையில் விதைத்தால் புழுவுக்கு மாறி மாறிப் பந்தி வைக்கிற மாதிரி. ஆசிரியை சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னதைவிடக் கூடுதலாகக் கேட்கக்கூடும்.

குரக்கனைப் பற்றி. மஞ்சள் துளைப்பானுக்கு அது தடைதான். ஆனால் இளஞ்சிவப்புத் தண்டு துளைப்பான் என்று இன்னொன்று உண்டு, அந்தப் படைப்புழுவின் குடும்பத்து உறவு. அது நெல்லையும் தின்னும், குரக்கனையும் தின்னும், சோளத்தையும் இறுங்கையும் விடாது. முட்டையை இலை மடலுக்குள் மறைத்து வைக்கும், கண்ணுக்கு எளிதில் படாது. தண்டைப் பிளக்கும்போது முதுகு இளஞ்சிவப்பாக ஒரு புழு கண்டால் குரக்கனால் தப்ப முடியாது. ஆகவே மாசி ஈரத்தில் உழுந்து, பயறு, எள்ளு ஏதாவது ஒன்றைப் போடுங்கள். இரண்டு புழுவுக்கும் அவை ஆகாது, கைக்கும் நாலு காசு வரும்.

அடுத்த காலபோகத்துக்குப் பெரிய திட்டம் வேண்டாம். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். 2021 இல் உரத்துக்குத் தடை வந்து பட்ட பாட்டுக்குப் பிறகு, கிடைக்கும்போது போட்டுவிடுவோம் என்ற பயம் பலருக்கு வந்துவிட்டது. கரும்பச்சையாகக் கொழுத்த பயிரைத்தான் அந்து தேடி வரும். உமிச்சாம்பல் கிடைத்தால் உழவோடு போடுங்கள், அதிலுள்ள சிலிக்கா தண்டைக் கடினமாக்கிப் புழுவின் பல்லைத் தேய்க்கும். வயலில் ஆளுயரத் தடிகள் சில நட்டால் கரிக்குருவி வந்து குந்தும். கார்த்திகை முழுக்கக் கிழமைக்கு இரண்டு தரம் இலை நுனியைப் பாருங்கள். பஞ்சு முட்டையைக் கண்டால் இலையோடு கிள்ளி எடுங்கள், மகனுக்கு ஏற்ற வேலை. நாற்றின் நுனியைக் கிள்ளி நடச் சொல்லும் யூரியூப் வீடியோவை அனுப்பியிருந்தீர்கள். நல்ல யோசனை, ஆனால் நாற்று நடுகிறவர்களுக்கு. நீங்கள் வீசி விதைக்கிறீர்கள். அப்படியும் குருத்துக் காய்தல் பத்தைத் தாண்டினால் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், இல்லையென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். மருந்தின் பெயரை அவர்கள் வாயால் கேட்டுக்கொண்டு கடைக்குப் போவது வேறு, கடையில் போய்ப் பெயர் கேட்பது வேறு.

குத்தகையை விட்டுவிடவா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு மூடை இழப்புக்காக விடவேண்டியதில்லை. ஆனால் வாய்ப்பேச்சுக் குத்தகை எனக்குப் பிடிக்கவில்லை. நான் சட்டத்தரணி அல்ல. என்றாலும் வயற்காணியைச் செய்கிற குத்தகைக்காரருக்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு என்பதும், அதற்குக் கமநல சேவை நிலையப் பதிவில் உங்கள் பெயர் இருப்பது முக்கியம் என்பதும் தெரியும். காணிக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதியுங்கள். பயிர்க் காப்புறுதி எதற்கெல்லாம் கிடைக்கும் என்பதையும் அன்றே கேட்டு வையுங்கள். வெட்டி முடித்த வயலைக் காட்டி நட்டம் கேட்க முடியாது.

கடைசியாகப் புதிர். வெள்ளைக்கதிர் விழுந்த வயலில் தைப்பூசத்துக்குப் புதிர் எடுக்கக் கூடாது என்று மாமி சொல்கிறா, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லது கெட்டது சொல்வது என் வேலை இல்லை. தலை சாய்ந்த கதிரில் இருக்கிற நெல்லுக்குப் புழுவால் ஒரு குறையும் இல்லை, பொங்கலாம். ஆனால் மூன்றாவது மருந்துப் போத்தலை எடுத்து, அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று லேபலில் போட்டிருப்பதைப் பாருங்கள். அடித்த திகதியிலிருந்து எண்ணுங்கள். அந்த நாள் தைப்பூசத்துக்குப் பிறகு வருகிறதென்றால், இந்த முறை புதிருக்கு அண்ணனின் வயலில் ஒரு பிடி கேளுங்கள்.